மூன்று மருதாணிக் கன்றுகள்

மேடம் ஸெர்கீன் பலகையில் மூன்று செடிகளின் பெயரை எழுதினார். குதிரைமசால். தீவனப்புல். மருதாணி.

மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். பேரீச்சையைக் கொல்லும் பயூத் நோய் இவற்றுக்கு வராது, ஆனால் இவை பயூத்தைச் சுமக்கும் என்றார். அந்தப் பூஞ்சை இவற்றின் வேருக்குள் குடியிருக்கும். செடி பச்சையாக, செழிப்பாக நிற்கும். பக்கத்தில் நிற்கும் பேரீச்சை சாகும்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெயரில் பேனா நின்றது.

செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று யாரோ கேட்டார்கள்.

"முடியாது. அதான் பயமே," என்றார் மேடம். "மேற்கேருந்து பேரீச்சங்கன்னு கொண்டுவரக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மருதாணியை யாரு சந்தேகப்படுவா?"

இனிமேல் கல்யாணப் பெண்ணின் கையையும் சோதனைச்சாவடியில் நீட்டச் சொல்ல வேண்டும் என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கென்ஸா என் முழங்கையைத் தொட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன்.

எங்கள் தோப்பில் மூன்று மருதாணிச் செடிகள் இருக்கின்றன. மேற்கிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தவள் நான்.

அது இரண்டாம் ஆண்டில். பாசனப் பாடத்துக்காக எங்களை மேற்கே ஒரு பாலைவனச் சோலைக்கு அழைத்துப்போனார்கள். மணலுக்கு அடியில் வெட்டிய பழைய நீர்ச்சுரங்கங்களைப் பார்க்க. கூட வந்த ஆசிரியர் தண்ணீர்க்காரர். நோயைப் பற்றி அவருக்கும் அக்கறை இல்லை, எங்களுக்கும் இல்லை. அங்கே பாதி மரங்கள் செத்து நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.

மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு. குஸ்குஸ், பூசணி, கொஞ்சம் ஒட்டக இறைச்சி. பரிமாறிய வீட்டுக்காரி, உங்களில் யார் வீட்டில் கல்யாணம் என்று பொதுவாகக் கேட்டாள். கென்ஸா என்னைக் காட்டினாள். என் அக்கா நஜாத்துக்கு வசந்தத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் பின்பக்கம் போனாள். மூன்று கன்றுகளை வேர் மண்ணோடு கிளப்பி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். பொடியாகக் கொடுத்தால் அது கடைச் சரக்கு, கல்யாணத்துக்கு மருதாணி வேரோடு போக வேண்டும் என்றாள். அந்தப் பக்கத்து மருதாணிக்கு எங்கள் ஊரில் அவ்வளவு பெயர். நான் அவள் தலையில் முத்தமிட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடி. விவசாயத் துறை ஆள் ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறினார். பேரீச்சங்கன்று, மட்டை, ஓலைக் கூடை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். பொய் இல்லை. சாக்கு என் கால்களுக்கு இடையில் இருந்தது. அதைத் தாண்டிப் போனவர் மருதாணி வாசனை பிடித்துத் திரும்பினார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"அக்காவுக்கு."

வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பதினாறு மாதங்கள் போய்விட்டன.

*

வியாழக்கிழமை மதியமே பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ஐன் ரம்லாவுக்கு இரண்டரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே தோப்புகள் தொடங்கியதும் மரங்களின் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பயூத் என்றால் வெளுத்தது. நடுக்கொண்டையில் ஒரே ஒரு மட்டையில் ஆரம்பிக்கும். மட்டையின் ஒரு பக்கத்து ஓலை மட்டும் சாம்பல் நிறமாகும். அடியிலிருந்து நுனிவரை ஏறும். பிறகு மறுபக்கம், நுனியிலிருந்து அடிக்கு இறங்கும். மட்டை நனைந்த இறகைப் போலத் தொங்கும். அடுத்த மட்டை. அதற்கடுத்தது. குருத்துக்கு வந்தால் முடிந்தது. ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மருந்து கிடையாது. மரத்தைச் சாய்த்து, தூரோடு தோண்டி எரிக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள நல்ல மரங்களையும் எரிக்க வேண்டும். அந்த மண்ணில் பல வருடம் எதுவும் பயிரிடக் கூடாது. மேற்கில் ஒரு தலைமுறைக்குள் லட்சக்கணக்கில் போயிருக்கின்றன. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாமே தெக்லத் நூர். பயூத்துக்கு முதலில் விழுவது அந்த ரகம்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இவ்வளவும்.

சாம்பல் மட்டை எங்கும் தெரியவில்லை. வெயில் சாய்ந்த பிறகு எல்லா மட்டையும் சாம்பலாகத் தெரிந்தது. பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. நேராகத் தோப்புக்குப் போனேன். பூமுடிக்கும் காலம். அப்பா மரத்தின் மேல் இருந்தார். இடுப்பில் கயிறு, வாயில் நார். ஆண் பூக்கதிரைப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளை ஆட்டினார்.

மருதாணி என் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. மூன்றும் மடைக்குப் பக்கத்தில், தோப்பின் தலைமாட்டில் நின்றன. அம்மாதான் இடம் பார்த்து வைத்தாள். பொது வாய்க்கால் தண்ணீர் எங்கள் மடைக்குத்தான் முதலில் வரும். மகளின் கல்யாணச் செடி தலைத்தண்ணீர் குடிக்கட்டும் என்று அங்கே வைத்தாள். அந்த வேர்களை நனைத்த பிறகு தண்ணீர் எங்கள் நூற்று நாற்பது மரத்துக்கும் போகிறது. கடைமடை வழியாக அஷூர் மாமா தோப்புக்கு. அங்கிருந்து பூஸித் வீட்டுத் தோப்புக்கு. பிறகு பள்ளிக்கூடத்துத் தோப்பு. பிறகு ஊர்.

செடி அவ்வளவு பச்சையாக இருந்தது. தொடக் கை வரவில்லை.

அப்பா இறங்கி வந்தார். மடைக்கு நேராக நின்ற மரத்தில் ஒரு மட்டை வெளிறியிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"பழுத்த மட்டைம்மா. வயசானா வெளுக்கும். என் தாடியைப் பாரு."

"வெட்டிக் காட்டுங்கப்பா."

"படிச்ச பொண்ணுக்கு மட்டையெல்லாம் கண்ணுல படுதே," என்று சிரித்தார். ஆனால் ஏறி வெட்டிப் போட்டார். மட்டை கீழ் அடுக்கில் இருந்தது, நடுக்கொண்டையில் இல்லை. நோய் இருந்தால் வெட்டுவாயில் பழுப்புக் கோடு ஓடும். இது வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மரத்துக்கு இன்னும் வரவில்லை. இவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் தொழுகைக்குப் போனதும் செடியின் தூரில் மண்ணைக் கிளறினேன். விரல் நீளத்துக்கு ஐந்து வேர் எடுத்தேன். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த, ஆல்கஹால் ஊற்றிய சோதனைக்குழாய்க்குள் போட்டு மூடினேன். அதற்குள் எதுவும் உயிரோடு இருக்காது. களைக்கொட்டைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவினேன். செருப்பைக் கழுவினேன். நகத்தைக் கழுவினேன். அம்மா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னடி, புதையலா?"

"பாடத்துக்கும்மா."

"துணிக்கு வச்சிருந்த பிளீச்சிங்கையெல்லாம் மண்ணுல கொட்டற. உன் பாடத்துல சோப்பு கிடையாதா?"

கல்யாணத்துக்கு வந்தவர்கள் இன்றைக்கும் இந்த மருதாணியைப் பற்றியே கேட்கிறார்கள் என்றாள். அப்படி ஒரு சிவப்பு. தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இலை பறித்துக் கொடுத்தாளாம். இலைதானே என்று கேட்டேன். இலையை வைக்காமல் கையில் என்னத்தை வைப்பார்கள் என்றாள். இலையில் எதுவும் இல்லை. அதை மனதுக்குள் பல தடவை சொல்லிக்கொண்டேன்.

*

அந்த வருடம் என் ஆய்வுக் கட்டுரைக்காக மேடத்தின் மாதிரிகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து வந்த இருபத்து நான்கு குழாய்கள். எல்லாம் ஆல்கஹாலில் போட்ட வேர்கள். உயிருள்ள பூஞ்சையை இந்தப் பக்கம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வேரிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பயூத் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் ஒரு கோடு தெரியும்.

என் குழாயை இருபத்து ஐந்தாவதாக வைத்தேன். பதிவேட்டில் செடி என்ற இடத்தில் மருதாணி என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் இருந்ததையே எழுதினேன். மேற்கு.

சோதனைக்கான ரசாயனம் ஒன்று தீர்ந்துபோயிருந்தது. தலைநகரிலிருந்து வரவேண்டும். பத்து நாட்கள் ஆயின.

விடுதியில் கென்ஸாவும் நானும் ஒரே அறை. அவள் கடற்கரைப் பக்கத்துக்காரி. அவர்கள் ஊரில் ஆலிவ். தெற்கத்திப் பெண்கள் புருஷனை விடப் பேரீச்சையைத்தான் அதிகம் கொஞ்சுகிறார்கள் என்பாள். மரம் திருப்பித் திட்டாது என்று வழக்கமாக நான் சொல்வேன். அந்தப் பத்து நாளும் அந்தப் பதில் வரவில்லை. மூன்றாம் நாளே அவள் விஷயத்தைக் கேட்டு வாங்கிவிட்டாள். சொல்லி முடித்ததும், பஸ்ஸில் அந்தச் சாக்கின் மேல் தானும் காலை வைத்துத் தூங்கியதாகச் சொன்னாள்.

உணவுக்கூடத்தில் பருப்பு, ரொட்டி, தயிர். தட்டைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன். போன் அடித்தால் முதலில் பெயரைப் பார்த்தேன். அப்பா சாதாரணமாகப் போன் செய்கிறவர் அல்ல. ஒரு நாள் காலையில் அவர் பெயர் திரையில் வந்தது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே ஓடினேன். அடையாள அட்டை நகல் ஒன்று அனுப்பு என்றார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கேட்குதாம்மா, கேட்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை சோதனை ஓடியது. ஆய்வக உதவியாளர் ஹவ்வாஸ் அண்ணன் தட்டை விளக்கின் மேல் வைத்தார். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று இருக்கு. நான் குறித்துக்கொண்டேன். இருபத்து நாலு இல்லை.

"இருபத்தஞ்சு இருக்கு."

நான் குறிக்கவில்லை.

"இருக்குன்னு போடும்மா. மேற்குல எதைத் தோண்டினாலும் இருக்கும். இதுல என்ன அதிசயம்?"

அவரே பேனாவை வாங்கிக் கூட்டல் குறி போட்டார். கென்ஸா அறிக்கைக்காகப் படம் எடுத்தாள். பிறகுதான் எண்ணைப் பார்த்தாள். போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். ஹவ்வாஸ் அண்ணன் விதைத்தோலை ஊதித் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தார்.

கலப்படமாக இருக்கலாம். கலப்படம் இருந்தால் தெரிவதற்காக வெறும் தண்ணீர் வைத்த குழியைப் பார்த்தேன். சுத்தம். மிச்ச வேரில் நானே மறுபடி செய்தேன். மாலை ஐந்து மணிக்கு மறுபடி அதே கோடு, அதே உயரத்தில்.

*

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தண்ணீர் முறை. வியாழன் காலை அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மடையைத் திறக்காதீங்கப்பா."

"ஏன்? மோட்டார் எதுவும் ரிப்பேரா?"

சொன்னேன். கன்று எங்கிருந்து வந்தது, வேரில் என்ன இருக்கிறது, தண்ணீர் எதை எங்கே கொண்டுபோகும். அவருக்குப் பின்னால் சேவல் ஒன்று கூவிக்கொண்டிருந்தது.

"மிஷின் தப்பாக் காட்டாதா?"

"ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் கென்ஸாவுக்கும்."

"மேடத்துக்கு?"

"தெரியாது. மேற்குன்னு எழுதியிருக்கேன்."

"அப்ப அது அப்படியே இருக்கட்டும்," என்றார். "நான் இன்னிக்கே புடுங்கி எரிச்சுடறேன். முடிஞ்சுது."

"மண்ணுல இருக்குப்பா. செடியை எரிச்சா போகாது."

"எந்த மரத்துக்கும் வரலையே. நீதான வெட்டிப் பார்க்கச் சொன்னே."

"இன்னும் வரலை. அவ்வளவுதான்."

"கவர்மெண்டு ஆளுங்க வந்தா நல்ல மரத்தையும் சாய்ப்பாங்க ரொஃபைதா. நோவு வந்ததை மட்டும் சாய்க்க மாட்டாங்க. தலைமாட்டுல இருக்கறது எல்லாம் நான் வச்சது. நீ பிறந்த வருஷம் வச்சது." என்றார் அப்பா. "உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன். எழுதாதே."

அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை என்பது உண்மை. நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

மேடத்தின் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ மாணவர்கள் இருந்தார்கள். கென்ஸா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதினதை அப்படியே விட்டுடு," என்றாள் கீழ்க்குரலில். "ஒரே ஒரு வார்த்தை. யாரு போய்ப் பார்க்கப் போறா? எனக்கு எதுவும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். நானும் முந்தின இரவு முழுவதும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா செடியைப் பிடுங்கலாம். மடையை அவர் ஒரு வெள்ளிக்கிழமை மூடி வைக்கலாம், இரண்டு வெள்ளிக்கிழமை மூடி வைக்கலாம். பூமுடித்த மரம் அதற்குமேல் தாங்காது. திறப்பார். பிறகு ஏதோ ஒரு நாள் அஷூர் மாமாவின் தோப்பில் ஒரு மட்டை சாம்பலாகும். அவர் அதைக் கொண்டுவந்து என்னிடம்தான் காட்டுவார். ஊரில் இதைப் படித்தவள் நான் ஒருத்திதான். என்னம்மா இது என்பார். நான் என்ன சொல்வேன்? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். நான் எழுந்தேன். கென்ஸா என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள்.

மேடம் நான் சொல்வதை முழுவதும் கேட்டார். திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எந்த ஊர்?"

"ஐன் ரம்லா."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். வகுப்பில் பயூத்தைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குப் பயம் இருந்ததில்லை.

"தண்ணி எப்போ?"

"நாளைக்குக் காலைல."

போனை எடுத்தார். எண்ணை அழுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"ஒரு மாதிரி வந்துச்சு, அதுல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லலாம். யாரு கொண்டுவந்தாங்கன்னு நான் சொல்லணும்னு இல்ல."

"எந்தச் செடின்னு காட்ட நான்தான் போகணும் மேடம்."

அவர் தலையசைத்தார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். மேற்கு என்பதை அடித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினேன். எழுத்து வரிக்குள் நிற்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை விடிகாலையில் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் வெள்ளை வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகள், பின்னால் மேடம். வழியில் யாரும் பேசவில்லை. தோப்புக்கு வெளியே வண்டியை நிறுத்தி, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டோம். என் சொந்தத் தோப்புக்குள் உறை மாட்டிய காலோடு நடந்தேன்.

மடை மூடியிருந்தது. அப்பா அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பொது வாய்க்காலில் தண்ணீர் வந்து முட்டி, எதிர்ப்பக்கம் மணலில் வழிந்து வீணாகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். அஷூர் மாமாவின் குரல் தூரத்திலேயே கேட்டது.

"உனக்கு வேணாம்னா எழுந்திரு லக்தர். என் மரம் காயுது. என்ன ஆச்சு உனக்கு? வெயிலு மண்டைல ஏறிடுச்சா?"

அப்பா ஒரு மணி நேரமாக இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஒரு காரணமும் சொல்லவில்லை என்று பூஸித்தின் மகன் எங்களிடம் முறையிட்டான். மருதாணிச் செடிகள் மூன்றும் அப்படியே நின்றன. அப்பா பிடுங்கவில்லை.

அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மடையிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார்.

"இவங்கள்ட்ட கேளு," என்றார் அஷூர் மாமாவிடம்.

அதிகாரி சொன்னார். நான் சொல்வதாக இருந்தேன், அவர் முந்திக்கொண்டார். பயூத் என்ற வார்த்தை வந்ததும் பேச்சு நின்றது. யார் கொண்டுவந்தது என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

யாரும் திட்டவில்லை. அஷூர் மாமா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் தன் செருப்பைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

அதற்குள் அம்மா வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அவளுக்கு அப்பா எதுவும் சொல்லியிருக்கவில்லை. வண்டியைப் பார்த்து யாரோ விருந்தாளிகள் என்று நினைத்திருந்தாள். காபித் தட்டோடு வந்தாள். மேடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என் மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டாள். அதிகாரி பணிவாக ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். இந்தச் செடியிலிருந்து யாருக்காவது எதுவும் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இலை மட்டும்தான் சார்," என்றேன் நான்.

"இலை மட்டுமா?" என்றாள் அம்மா. "அடில முளைச்ச குட்டிக் கன்னெல்லாம் யாரு குடுத்தது? மண்ணோட பேத்து, சாக்குல கட்டிக் குடுத்தேன். ஒண்ணுகூடப் பட்டுப்போகல."

அதிகாரி கோப்பையைத் தரையில் வைத்தார். நோட்டை எடுத்தார்.

அம்மா விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பெயர் அஷூர் மாமாவின் மனைவி. இரண்டாவது பூஸித்தின் தாய். பிறகு ரொட்டிக்கடை வீடு. பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் மனைவி, கிணற்றுப் பக்கத்து ஸலீமா. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒருவர் தலையைத் திருப்பித் தன் தோப்பு இருக்கும் திசையைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் யாரிடமும் சொல்லாமல் வேகமாக நடக்க ஆரம்பித்தார். அதிகாரி அவரைக் கூப்பிட்டார், செருப்பு, செருப்பு என்றார். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார். மண் காலிலும் ஒட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாவது விரலில் அம்மா நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் அதிகாரி.

தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. மேடம் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நஜாத்துக்கு ரெண்டு," என்றாள் அம்மா. "போன மாசம் பிள்ளையோட வந்திருந்தா. மாமியார் கேட்டாங்கன்னு எடுத்துட்டுப் போனா."

"எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்கீங்க?"

"ஸாவியா," என்றார் அப்பா.

அதிகாரியின் பேனா நின்றது. பள்ளத்தாக்கின் தண்ணீர் ஸாவியாவில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே பதினோரு ஊர்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார், பாதி வழியில் ஓட ஆரம்பித்தார்.

நான் அக்காவை அழைத்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"சொல்லுடி, சத்தமா சொல்லு," என்றாள். "தோப்புல இருக்கேன். இப்பத்தான் தண்ணியைத் திறந்தோம், ஒண்ணும் கேக்கல."